ஏழாம் எண் ஜாடி

கல்லூரியில் எல்லோருக்கும் அவள் ‘ஃபார்மலின் அக்கா’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. விலங்கியல் துறையின் மீன் அறையில் இருபத்துமூன்று வருடமாக உதவியாளர் வேலை. செத்த மீனைக் கெடாமல் வைத்திருக்கும் அந்த மருந்துத் தண்ணீரின் நெடி அவள் துணிமணியில் ஏறி, எந்தச் சோப்புக்கும் மசியாமல் அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. பேருந்து ஓட்டுநரான அவள் கணவர், “நான் போயிட்டா என்னையும் ஒரு ஜாடியில போட்டு வச்சிடு” என்று கிண்டல் செய்வார். “உங்க வாய்க்கு எந்த ஜாடியும் பத்தாது” என்பாள் அவள்.

அந்த அறையில் இருநூற்றுப் பத்து ஜாடிகள். வாசலிலிருந்து போனால் முதல் அலமாரியில் தாடையே இல்லாத மீன்கள். பாம்பு மாதிரி வழவழவென்று உடம்பு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் பல் பதித்த வட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த வாயைப் பார்த்துத்தான் மயங்கி விழுந்தாள். இரண்டாவது அலமாரியில் சுறாவும் திருக்கையும், அதாவது குருத்தெலும்பு மீன்கள். நம் காதுமடலை மடக்கினால் மடங்குகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரிப் பொருளால்தான் அவற்றின் தாடை முதல் முதுகெலும்பு வரை எல்லாம். செவுளுக்கு மூடி கிடையாது, பிளவுகள் திறந்தே கிடக்கும். மூன்றாவதிலிருந்து ஏழாவது அலமாரி வரை எலும்பு மீன்கள். முள்ளும் செவுள்மூடியும் உள்ள பெருங்கூட்டம். கடைசியில், நுரையீரலால் மூச்சு விடும் மீன் ஒன்று, வீடு மாற்றப் பெட்டி கட்டியவன் போலத் தனியாக நிற்கும். அதற்கடுத்த அறையில் தவளைகள்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கவில்லை. கழுவிக் கழுவித் தெரிந்துகொண்டாள். “மீன்னா மீன்தானே அக்கா, எல்லாம் ஒண்ணுதான்” என்று எவனாவது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று வரும். “அப்ப நீயும் ஓணானும் ஒண்ணா? ரெண்டு பேருக்கும் முதுகெலும்பு இருக்கே” என்று கேட்டுவிடுவாள்.

அவளுக்கு மிகப் பிடித்தது இரண்டாவது அலமாரியிலிருந்த கிட்டார் மீன். சரியான எத்தன் அது. தடித்த வால், முதுகில் இரண்டு துடுப்பு என்று மேலிருந்து பார்த்தால் அசல் சுறா. ஆனால் சுறாவுக்குச் செவுள் பிளவுகள் தலையின் பக்கவாட்டில் இருக்கும், திருக்கைக்கு அடிப்பக்கத்தில். இதைப் புரட்டிப் பார்த்தால் பிளவுகள் அடியில் இருக்கும். ஆக, சுறா வேடம் போட்ட திருக்கை. மருந்தில் வருடக்கணக்காகக் கிடந்து தலையும் துடுப்பும் சுருங்கியதில் வேடம் இன்னும் கச்சிதமாகிவிட்டது. அதை அவள் முதுகு வெளியே தெரியும்படி கண்ணாடிப் பட்டையில் கட்டி வைத்திருந்தாள். மீனுக்கு முதுகுதான் அழகு என்பது அவள் கட்சி.

அந்த எத்தன் அவளையே ஒரு நாள் கவிழ்த்துவிட்டது.

அவளுடைய மகள் அதே துறையில் மூன்றாம் வருடம் படித்தாள். பிள்ளைகள் அவளைக் ‘குட்டி ஃபார்மலின்’ என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். போன வருடம் செய்முறைத் தேர்வு நடந்த வாரத்தில் அவளுக்கு விடாத காய்ச்சல். எழுந்து போய்ப் பாதி எழுதித் தோற்றாள். செய்முறையில் இரண்டு முறை தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள் என்பது அந்தக் கல்லூரியின் சட்டம். இந்த முறையும் போனால் மூன்று வருடப் படிப்பு ஆற்றில் கரைத்த புளி. அதனால் வீட்டில் ஒரு மாதமாக யாரும் உரக்கப் பேசவில்லை. வாயே ஓயாத ஓட்டுநர்கூட அடக்கி வாசித்தார்.

மகள் எழுதுவதால், தேர்வு நாள் முழுக்க ஆய்வகத்துக்குள் கால் வைப்பதில்லை, தேர்வைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று தாயிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் வேலையை அன்றைக்குச் செடி அறை உதவியாளர் பார்த்தார். அண்ணன், அண்ணன் என்று அவள் கூப்பிடும் சாது மனிதர். முந்தின நாள் மாலை துறைத்தலைவர் பட்டியல் கொடுக்க, அண்ணன் அந்தந்த ஜாடியின் லேபிளைப் படித்து எடுத்துப் போய் எண் போட்டு வைத்தார். லேபிள்களை உரித்து, எந்த எண்ணுக்கு எது என்று ஒரு பலகையில் வரிசையாக ஒட்டினார். அந்த வரிசைதான் விடைக்குறிப்பு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்துத்தான் மார்க் போடுவார். அவர் வாழ்நாளெல்லாம் கொசுவை ஆராய்ந்தவர், மீனோடு அவருக்குள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோடு சரி.

தேர்வன்று பதினோரு மணிக்கு, பொருள் அறையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவள் கண்ணில் அந்தப் பலகை பட்டது. ஆறாம் எண், நுரையீரல் மீன். ஏழாம் எண், சுறாக்குட்டி. ஏழாம் எண்தான் பெரிய கேள்வி. வகைப்படுத்திப் பெயர் எழுதப் பத்து, உடலமைப்பை வரைந்து பாகம் குறிக்கப் பத்து, ஆக இருபது மார்க். மொத்தமே ஐம்பது.

எட்டி, நடைவழியின் ஜன்னல் வழியாக ஆய்வகத்தைப் பார்த்தாள். சுவரோரம் மேசை மேல் ஏழாம் எண் ஜாடி இருந்தது. உள்ளே சுறாக்குட்டி இல்லை. அவளுடைய எத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஜாடியின் எண்ணைத் திரும்பப் படித்தாள். ஏழுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஜாடிகளுக்கு மருந்து மாற்றிய நாள் நினைவுக்கு வந்தது. லேபிள்களை உரித்து, கழுவி, பலகையில் வரிசையாகக் காயவைத்து, அதே வரிசையில் திரும்ப ஒட்டுவது அவள் வழக்கம். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் இரண்டு சீட்டுகள் பறந்து விழுந்தன. எழுத்து தெரியாமல், உத்தேசமாக எடுத்து வைத்து ஒட்டினாள். பிறகு கண்ணாடி வந்தும் சரிபார்க்கவில்லை. இருபத்துமூன்று வருடம் தப்பாத கை என்ற மிதப்பு, வேறென்ன?

மகள் கெட்டிக்காரி, இதைத் திருக்கை என்று சரியாகத்தான் எழுதுவாள், சரியாக எழுதியதற்காகவே தோற்கப்போகிறாள் என்று தோன்றியதும் அவள் ஆய்வக வாசலுக்கு ஓடினாள். அண்ணன் கை நீட்டித் தடுத்தார்.

“எங்க போறீங்க? எழுதிக் குடுத்திருக்கீங்க, மறந்துடுச்சா?”

“பெரிய சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்க அண்ணே. ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“தேர்வு முடியட்டும்மா. ஒரு மணிக்குச் சொல்லுங்க. உள்ள உங்க பொண்ணு இருக்கு, இப்ப நீங்க வாய தொறந்தா வேற மாதிரி ஆயிடும்.”

அவர் சொன்னது நியாயம். ஒரு மணிக்குச் சொல்லிவிடுவது என்று உறுதியாக முடிவெடுத்துக்கொண்டு திரும்பினாள். அந்த உறுதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு நல்லது என்றால் உண்மை பேச எந்தத் தாய்க்கும் கால் தானாக ஓடும்.

ஒரு மணிக்கு மணி அடித்தது. மகள் நேராகப் பொருள் அறைக்கு வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

“அம்மா, தப்பிச்சேன்! நுண்ணோக்கியிலயும் எலும்பிலயும் சொதப்பிட்டேன், மத்ததெல்லாம் சேர்த்துப் பதினஞ்சு பதினாறு தேறும். ஆனா ஏழாவது முழுசா வந்துடும். சுறான்னு எழுதிட்டேன்.”

அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் அப்படியே நின்றது. “சுறாவா? பின்பக்கம் பாக்கலையா நீ?”

“பார்த்தேனே. சுவத்துல கன்னத்தை ஒட்டி வச்சிக்கிட்டு எட்டிப் பார்த்தேன். செவுள் கீழதான் இருந்துச்சு. எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிடுச்சு. படத்தைக் கண்ணுல பட்டபடியே வரைஞ்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அன்னிக்கு உனக்குக் கண்ணாடி குடுக்க வந்தேன்ல, அப்ப இந்த ஜாடிய நீ துடைச்சிக்கிட்டு இருந்த. சுறாக்குட்டின்னு லேபிள் இருந்துச்சு. எனக்குக் கண்ணு தப்பலாம், உன் லேபிள் தப்புமா?”

தேர்வுக்கு முந்தின இரண்டு வாரம் மீன் அறை மாணவர்களுக்குப் பூட்டு. அன்றைக்கு ஐந்தே நிமிடம் என்று மகளை உள்ளே விட்டது இவள்தான். அந்த ஐந்து நிமிடம் இப்போது வட்டி போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றது.

“ஏம்மா இப்படிப் பாக்கற?”

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. மகளுடைய முகத்திலிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“அப்ப பலகையில சுறான்னுதான் இருக்கு?”

“ஆமா.”

“வேற யாருக்கும் தெரியாதுல்ல?”

“எனக்குத் தெரியுமே.”

மகள் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் சாலை கடக்கும்போது பிடிப்பாளே, அதே பிடி. “அம்மா, நான் யார்கிட்டயும் எதையும் திருடலை. நீ பொய்யும் சொல்ல வேண்டாம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பேசாம இரும்மா. நாலு மணிக்கு மார்க் கவரை ஒட்டிடுவாங்க. அதுவரைக்கும் பேசாம இரு. எனக்காக இரு.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனாள். தாயும் அதைச் சரி என்றுதான் நினைத்துக்கொண்டாள். ஒரு மணிக்குச் சொல்லிவிடுவதாக இருந்த வாய் இப்போது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளும் அவள்தான், பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

இரண்டு மணிவாக்கில் நடைவழிக் குழாயடியில் நெட்டையன் முகம் கழுவிக்கொண்டு நின்றான். வகுப்பிலேயே உயரமானவன், அதிகம் பேசாதவன். கண் சிவந்திருந்தது தண்ணீரால் அல்ல என்று பார்த்ததும் தெரிந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கவா? அந்த ஏழாவது ஜாடி... நான் திருக்கைன்னு எழுதிட்டேன். கீழ செவுள் பார்த்தேன்க்கா, சத்தியமா பார்த்தேன். வெளிய வந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. சுறாவப் போய்த் திருக்கைங்கறானேன்னு. நீங்கதான் தினம் பாக்கறீங்க. அது சுறாவாக்கா?”

இருபத்துமூன்று வருடத்தில் மீனைப் பற்றிக் கேட்ட யாரையும் அவள் வெறும் கையோடு அனுப்பியதில்லை.

“எனக்கு என்னப்பா தெரியும். நான் ஜாடி கழுவறவ” என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சொன்ன வார்த்தை அவள் நாக்கிலேயே கசந்துகொண்டிருந்தது. பொருள் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். பக்கத்து அறையில் தேர்வாளர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சரசரப்பு. மணி மூன்று ஆனபோது கணவருக்குப் போன் செய்தாள். அவர் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வில் இருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் வழக்கமான கேலி வரவில்லை.

“பொண்ணு நம்மள மன்னிக்க மாட்டா” என்றார்.

“தெரியும்.”

“நீ என்ன பண்ணப்போறன்னு எனக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்ற?”

“பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான்” என்றார் அவர். “போ.”

மூன்று இருபதுக்கு அவள் தேர்வாளர் அறைக் கதவைத் தட்டினாள். துறைத்தலைவர் நிமிர்ந்து பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். மார்க் பட்டியல் முடிகிற நிலையில் இருந்தது. பக்கத்தில் கவரும் பசையும் தயாராக இருந்தன.

“இங்க வரக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“ஆமா சார். ஏழாம் நம்பர்ல லேபிள் மாறிப்போச்சு சார். நான்தான் மாத்தி ஒட்டினேன். அது சுறா இல்ல.”

தலைவர் பேனாவை மூடினார். “உங்க பொண்ணு திருக்கைன்னு எழுதியிருக்கா, அப்படித்தானே? வெளிய வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கா. இப்ப நீங்க வந்து பலகையையே மாத்தச் சொல்றீங்க. பிள்ளைப் பாசம் இருக்கட்டும், அதுக்கு ஒரு அளவு வேண்டாமா?”

இல்லை, அவள் சுறா என்றுதான் எழுதினாள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் மகள் தாளில் என்ன இருக்கிறது என்று மார்க் போடுகிறவர்களிடமே சொன்ன மாதிரி ஆகிவிடும். தாளில் எண்தான் உண்டு, பெயர் கிடையாது.

“என்னை நம்ப வேண்டாம் சார். ஜாடியைத் திறந்து பாருங்க. மீன் சொல்லட்டும்.”

வெளித்தேர்வாளரான கொசுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். “திறங்க, பாத்துடலாம்” என்று எழுந்தார்.

அண்ணன் ஜாடியைத் தூக்கி வந்தார். அவள் கையுறை மாட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, கட்டை அவிழ்த்து, மீனை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் போட்டாள். நெடி எல்லோர் கண்ணையும் எரித்தது. அவள் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, இடுக்கியின் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். வாய்க்குக் கீழே இந்தப் பக்கம் ஐந்து பிளவு, அந்தப் பக்கம் ஐந்து பிளவு. தோள்துடுப்பு தலையோடு ஒட்டி வளர்ந்திருந்த விளிம்பையும் காட்டினாள். பக்கவாட்டில் ஒன்றுமே இல்லை.

துறைத்தலைவர் குனிந்து பார்த்தவர் நிமிர நேரமாயிற்று. “திருக்கைதான்” என்றார் கடைசியில். “ரெண்டாவது அலமாரியில கிட்டார் மீன்னு லேபிள் போட்ட ஜாடியில இருக்கறதுதான் சுறாவா?”

“ஆமா சார்.”

ஏழாம் கேள்விக்கான மார்க்குகளை எல்லாத் தாள்களிலும் அடித்து மறுபடி போட உட்கார்ந்தார்கள். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தட்டில் கிடந்த மீனுக்குப் பக்கத்தில் நின்றாள். நெட்டையன் தாள் வந்தது என்பது கொசுக்காரர் “அட, இந்தத் தாள் ஒண்ணுலதான் பேரும் படமும் சரியா இருக்கு” என்றபோது தெரிந்தது. இன்னும் ஏழெட்டுத் தாள்கள் புரண்டன. பிறகு அவர் கை நின்றது.

“இது விசித்திரமா இருக்கே. படம் அருமை. அடிப்பக்கத்தை வரைஞ்சிருக்கு, பத்துப் பிளவும் இருக்கு, துடுப்போட விளிம்புகூட இருக்கு. பெயர் மட்டும் சுறா. கண்ணு பார்த்ததைக் கை வரைஞ்சிருக்கு. பேர் எழுதற இடத்துல இந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

அந்தக் கையெழுத்தை அவள் தலைகீழாகப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்த வாய் நிற்கவில்லை.

“அது என் லேபிள் சார். பூட்டியிருந்த ரூமுக்குள்ள நான்தான் அஞ்சு நிமிஷம் விட்டேன். என் கண்ணாடியைக் குடுக்க வந்தா. அம்மா லேபிள் தப்பாதுன்னு நம்பி எழுதிட்டா.”

துறைத்தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட கேள்வி அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும், முகம் தாழ்ந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான். பெயருக்கு உண்டான பத்தும் போயிற்று, படத்துக்கு உண்டான பத்து நின்றது. லேபிளை மாற்றியதற்கும் பூட்டிய அறையைத் திறந்ததற்கும் அவள் பெயருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மாதம் முடிந்ததும் அவள் செடி அறைக்கு, அண்ணன் மீன் அறைக்கு என்று உத்தரவும் சேர்ந்து வந்தது.

அதைவிடப் பெரிய தண்டனை வீட்டில் நடந்தது. பன்னிரண்டு நாள் மகள் அவளோடு பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். ஓட்டுநர் ஒரு நாள் தாங்க முடியாமல், “இந்த வீட்டுல முதுகெலும்பு உள்ளவ உங்கம்மா ஒருத்திதான்டி, நாமெல்லாம் நத்தைதான்” என்று சொல்லிப் பார்த்தார். “அந்த முதுகெலும்புக்கு என் படிப்புதான் கிடைச்சுதா?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவருடைய ஜோக் வாழ்க்கையிலேயே அவ்வளவு மோசமாக விழுந்ததில்லை. இவள் சமையலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். தப்பு செய்தவள் நான், அடி பட்டவள் அவள் என்பதுதான் அவளை அரித்தது.

பதின்மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் மார்க் ஒட்டினார்கள். மற்ற கேள்விகள் எல்லாம் சேர்ந்து பதினாறு கொடுத்திருந்தன. ஏழாவதில் பத்து. ஆக இருபத்தாறு. தேற வேண்டியது இருபத்தைந்து.

அன்றைக்கு மீன் அறையில் அவளுக்குக் கடைசி நாள். அண்ணனிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்றுதான் மீதம் இருந்தது. இரண்டு ஜாடிகளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. புது லேபிள்கள் இரண்டிலும் பசை தடவியிருந்தாள். கிட்டார் மீன் என்றதை எடுத்து ஒட்டக் கை நீட்டியபோது, வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

மகள் வந்து எதிரே நின்றாள். தேறிவிட்டேன் என்று சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை.

“இரு, ஒட்டாத” என்றாள்.

ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, பின்பக்கத்தை நன்றாகப் பார்த்தாள். உதடு அசையப் பிளவுகளை எண்ணினாள். அடுத்த ஜாடியையும் அதே மாதிரி தூக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் மேசையில் வைத்தாள்.

“ம், சரியாத்தான் இருக்கு” என்றாள். “இப்ப ஒட்டு.”

தன் லேபிளை இனி மகள் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டாள் என்பது அவளுக்குப் புரிந்தது. வலித்தது, நிம்மதியாகவும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு ஒட்டினாள்.